எளிய தொடரா, உழைப்புக் கேட்கும் தொடரா? அறிவியல் புனைவு, மிகுபுனைவு (ஃபேண்டஸி) தொடர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் தொடர் ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால், பலரும் ‘த மேண்டலோரியன்’, ‘ஆண்டோர்’ என்ற இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். இரண்டும் டிஸ்னி பிளஸ் தளத்துக்காக எடுக்கப்பட்டவை. இரண்டிலும் விண்கலங்கள், பேரரசின் நிழல், தலைமறைவு வாழ்க்கை எல்லாம் உண்டு. ஆனால், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டுத் தட்டோடு முதல் தொடரைப் பார்த்து மகிழ்ந்த ஒருவர் அதே நினைப்பில் இரண்டாவதைத் தொடங்கினால், இரண்டாம் எபிசோடு முடிவதற்குள் ‘இன்னும் கதையே ஆரம்பிக்கவில்லையே’ என்று அணைத்துவிட வாய்ப்பு அதிகம். தொடரிலும் குறையில்லை, பார்த்தவரிடமும் குறையில்லை. இரண்டும் கேட்கும் உழைப்பு வேறு வேறு என்பதைப் பரிந்துரைத்தவர் சொல்லாமல் விட்டதுதான் சிக்கல்.

அந்த உழைப்பை முன்கூட்டியே எடைபோட்டு, இரண்டு தொடர்களை அருகருகே வைத்துப் பார்த்து, தமக்கு இப்போது எது பொருந்தும் என்று முடிவு செய்வது எப்படி என்பதே இங்கு பேசப்படும் பொருள். எது உயர்ந்தது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது. பார்ப்பதற்கு எளிதான தொடரை எழுதுவது எளிதான வேலையன்று. முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு புதிய கிரகத்தையும் அதன் சிக்கலையும் அறிமுகம் செய்து, தீர்த்தும் வைப்பதற்குத் தேர்ந்த கை வேண்டும். குழப்பமாக இருப்பதெல்லாம் ஆழமானது என்ற நினைப்பும் தவறானதுதான். காலவரிசையைக் கலைத்துப் போட்டு, வெறும் தகவலை மர்மமாக மாற்றிக் காட்டும் தொடர்கள் இந்த வகைமையில் ஏராளம்.

உழைப்பு எங்கே விழுகிறது

எளிது, கடினம் என்ற இரண்டே பெட்டிகளில் தொடர்களைப் போட முயன்றால் ஒப்பீடு அங்கேயே தடம் புரளும். ஒரு தொடர் பார்வையாளரிடம் நான்கு விதமான உழைப்பைக் கேட்கக்கூடும். முன்பு நடந்ததை நினைவில் வைத்திருக்கச் சொல்லலாம். ஓடிக்கொண்டிருக்கும் காட்சியிலிருந்து கண்ணையும் காதையும் எடுக்காதிருக்கச் சொல்லலாம். பலன் கிடைக்கும்வரை பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லலாம். கொடுமையையும் இழப்பையும் தாங்கிக்கொள்ளச் சொல்லலாம். நினைவு, கவனம், பொறுமை, மனத்திடம் ஆகிய இந்த நான்கையும் தனித்தனியாக அளந்தால்தான் ஒப்பீடு பயன்படும். ஏனெனில், ஒன்றில் மிக இலகுவான தொடர் இன்னொன்றில் மிகக் கனமாக இருப்பது சாதாரணமாக நடப்பது.

2011-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பிளாக் மிரர்’ இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை என்பதால் அது நினைவாற்றலிடம் அநேகமாக எதையும் கேட்பதில்லை. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆனால் மனத்திடத்தை அது கேட்கும் அளவுக்குக் கேட்கும் தொடர்கள் குறைவு. ‘தனித்தனிக் கதைதானே, சுலபமாக இருக்கும்’ என்று வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து அதன் முதல் எபிசோடைப் போட்டவர்களுக்கு அந்த இரவு எளிதில் மறக்காது. 2004-இல் தொடராக ஆரம்பித்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் முதல் எபிசோடும் அப்படித்தான். எதிரிகள் சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தாக்குகிறார்கள். விண்கலங்களில் இருப்பவர்கள் ஐந்து நாட்களாகத் தூங்கவில்லை. கதை புரிவதில் எந்தச் சிரமமும் இல்லை, பார்த்து முடிக்கையில் நமக்கே கண் எரியும்.

இரண்டை அருகருகே வைத்தால்

முதலில் சொன்ன இரண்டு தொடர்களையே எடுத்துக்கொண்டு சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2019-இல் வந்த ‘த மேண்டலோரியன்’ தொடரின் இரண்டாம் எபிசோடு சுமார் அரை மணி நேரம் ஓடுகிறது. நாயகன் தன் கலத்துக்குத் திரும்பும்போது, ஜாவாக்கள் என்னும் குள்ளமான பழைய இரும்பு வியாபாரிகள் அதன் பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவற்றைத் திரும்பப் பெற வேண்டுமானால் ஒரு முட்டையைக் கொண்டுவந்து தர வேண்டும். அந்த முட்டையைக் காண்டாமிருகம் போன்ற ஒரு மிருகம் காவல் காக்கிறது. அதனுடன் சேற்றில் புரண்டு சண்டை. தோற்கப் போகும் தருணத்தில், கூட இருக்கும் பச்சைக் குழந்தையின் சக்தி வெளிப்படுகிறது. முட்டை கிடைக்கிறது, பாகங்கள் திரும்பி வருகின்றன, கலம் பறக்கிறது. வசனமே மிகக் குறைவு. நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும், யார் எதற்காகப் போராடுகிறார் என்பது திரையைப் பார்த்தவுடன் விளங்கிவிடும்.

டோனி கில்ராய் உருவாக்கி 2022 செப்டம்பரில் வெளியான ‘ஆண்டோர்’ தொடங்கும் விதம் இதற்கு நேர் எதிர். நாயகன் இரண்டு காவலர்களைக் கொன்றுவிட்டுத் தப்புகிறான். காவல் தலைவர் விவகாரத்தை விபத்து என்று மூடிவிடச் சொல்கிறார். அவருக்குக் கீழே உள்ள சிரில் என்ற இளம் அதிகாரி, மேலதிகாரி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, விசாரணையைத் தானே நடத்துகிறான். இதற்கிடையில் நாயகனின் சிறுவயது நினைவுகள் வருகின்றன. அங்கே பிள்ளைகள் தங்கள் கிரகத்து மொழியில் பேசுகிறார்கள், அதற்குச் சப்டைட்டிலே கிடையாது. சப்டைட்டில் பழுதாகிவிட்டது என்று நினைத்து அமைப்புகளைத் தேடிப் போக வேண்டாம். முகத்தையும் உடலசைவையும் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள் என்பதே இயக்குநரின் எதிர்பார்ப்பு. கதையின் முதல் பெரிய வெடிப்பு மூன்றாம் எபிசோடில்தான் நிகழ்கிறது. முதல் மூன்று எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அவை மூன்றும் சேர்ந்துதான் ஒரு முழு அத்தியாயம்.

இங்கே ஒப்பீட்டுக்கான முதல் விதி கிடைக்கிறது. ஒரு தொடரின் உண்மையான அலகு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். ‘த மேண்டலோரியன்’ முதல் சீசனில் பெரும்பாலும் ஒரு எபிசோடு ஓர் அலகு. ‘ஆண்டோர்’ தொடரில் பெரும்பாலும் மூன்று எபிசோடுகள் ஓர் அலகு. முதல் சீசனில் ஆல்தானி கிரகத்துக் கொள்ளை நான்கிலிருந்து ஆறு வரை, சிறைக்கதை எட்டிலிருந்து பத்து வரை. 2025-இல் வந்த இரண்டாம் சீசனில் இது இன்னும் வெளிப்படை. வாரம் மூன்று மூன்றாக வெளியிட்டார்கள், ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில் கதை ஓராண்டு தாண்டுகிறது. இதை அறியாமல் இரவுக்கு ஒன்று என்று பார்ப்பவர், முடிவில்லாத முதற்பகுதிகளையும் நடுப்பகுதிகளையுமே பெரும்பாலான இரவுகளில் பார்த்துக்கொண்டிருப்பார். அலகின் மொத்த நீளத்தையும், தமக்கு ஓர் அமர்வில் கிடைக்கும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

நினைவின் கணக்கு

பழைய அமெரிக்கத் தொடர்கள் ஏன் எளிதாக இருந்தன என்பதற்கு வணிகக் காரணம் ஒன்று உண்டு. ஒரு தொடர் ஏறத்தாழ நூறு எபிசோடுகளைத் தொட்டுவிட்டால், உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்களுக்கு மறுஒளிபரப்பு உரிமையை விற்றுப் பணம் பார்க்கலாம். அந்த நிலையங்களில் யார் எந்த நாள் பார்ப்பார், எதைத் தவறவிடுவார் என்று சொல்ல முடியாது. ஆகவே எபிசோடின் தொடக்கத்தில் இருந்த நிலைமை முடிவில் திரும்ப வந்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. 1987 முதல் 1994 வரை 178 எபிசோடுகள் ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இந்த முறையின் உச்சம். சிற்சில இரட்டை எபிசோடுகளை விட்டுவிட்டால், அதை எங்கே திறந்தாலும் கேப்டன் பிக்கார்டும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய சிக்கலோடு காத்திருப்பார்கள்.

அதற்கு மறுகோடியில் நிற்பது ஜெர்மன் தொடரான ‘டார்க்’. 2017-க்கும் 2020-க்கும் இடையில் மூன்று சீசன்களில் மொத்தம் 26 எபிசோடுகள்தான். வின்டன் என்ற சிற்றூர், நான்கு குடும்பங்கள், 33 ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகள். முதல் சீசனிலேயே 1953, 1986, 2019 என்ற மூன்று காலங்களுக்கும் கதை தாவுகிறது. ஒரே ஆளைச் சிறுவனாகவும் நடுவயதினராகவும் முதியவராகவும் மூன்று நடிகர்கள் நடிக்கிறார்கள். தொடரே சில உதவிகளைச் செய்கிறது: திரையை இரண்டாகப் பிரித்து ஒருவரின் இளமையையும் முதுமையையும் பக்கம் பக்கமாகக் காட்டும், ஹெல்கே டாப்ளர் என்பவரை நடுவயதிலும் முதுமையிலும் அவரது முகத்தோரத்துத் தழும்பை வைத்து அடையாளம் காணலாம். அப்படியிருந்தும் ஒரு எபிசோடைத் தாண்டிவிட்டால் அடுத்தது புரியாது. 178-க்கு முன்னால் 26 என்பது சிறிய எண்தான். ஆனால் நினைவிடம் கேட்கும் விலையில் அந்த 26 எங்கோ மேலே நிற்கிறது. எபிசோடு எண்ணிக்கையை வைத்துத் தொடரின் கனத்தை மதிப்பிடுவது இதனால்தான் ஏமாற்றும்.

இரண்டுக்கும் நடுவில் கலப்பு வகை ஒன்று இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ‘த எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரில், வேற்றுக்கிரகத்தவரைப் பற்றிய அரசாங்கச் சதி என்னும் நீண்ட சரடு ஒருபுறமும், வாரம் ஒரு விசித்திரக் குற்றவாளி என்னும் தனிக்கதைகள் மறுபுறமும் ஓடும். முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில், சிறு துவாரங்களுக்குள்ளும் உடலைச் சுருக்கி நுழையும் கொலைகாரன் ஒருவன் வருகிறான். முன்கதை எதுவும் தெரியாமல் அதைப் பார்க்கலாம். கலப்புத் தொடரை ஒப்பிடும்போது எந்தப் பாதியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஒப்பிட வேண்டும். என்னைக் கேட்டால், அந்தத் தொடரின் தனிக்கதைகளை மட்டும் பொறுக்கிப் பார்ப்பதில் இழப்பு அதிகமில்லை. சதிச் சரடு பின்னாட்களில் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் தொய்ந்துபோனது.

நினைவுச் சுமை தொடருக்குள் மட்டும் இருப்பதில்லை. ‘செவரன்ஸ்’ தொடரின் முதல் சீசன் 2022 ஏப்ரலில் முடிந்தது, இரண்டாவது 2025 ஜனவரியில்தான் வந்தது. அலுவலக நினைவும் வீட்டு நினைவும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டவர்களைப் பற்றிய நுணுக்கமான கதையை, கிட்டத்தட்ட மூன்றாண்டு இடைவெளிக்குப் பிறகு தொடர வேண்டியிருந்தது. எளிய தொடருக்கும் இந்த ஆபத்து உண்டு. ‘த மேண்டலோரியன்’ இரண்டாம் சீசனின் முடிவில் பிரிந்த இருவர், மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் சேர்ந்தே இருக்கிறார்கள். நடுவில் நடந்தது ‘த புக் ஆஃப் போபா ஃபெட்’ என்ற வேறொரு தொடரின் கடைசி எபிசோடுகளில் இருக்கிறது. ஆகவே, ஒரு தொடரை எளிது என்று வகைப்படுத்துமுன், அதன் கதை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனமும் பொறுமையும்

நினைவிடம் ஒன்றும் கேட்காமல், கவனத்திடம் மட்டும் நிறையக் கேட்கும் எபிசோடுகளும் உண்டு. ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஐந்தாம் சீசனில், 1991-இல் வந்த ‘டார்மாக்’ அதற்கு எடுத்துக்காட்டு. பிக்கார்டும் ஓர் அயல்கிரகக் கேப்டனும் ஆளரவமற்ற கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கருவி சொற்களைச் சரியாகத்தான் பெயர்க்கிறது. ஆனால் அந்த இனத்தார் பேசுவதெல்லாம் தங்கள் புராணக் கதைகளைச் சுட்டும் குறிப்புகள். கதை தெரியாதவருக்குப் பேச்சு புரியாது. தூங்குமூஞ்சிப் பையனைக் கும்பகர்ணன் என்றும், குடும்பத்தைக் கெடுப்பவரைச் சகுனி என்றும் சொல்லிப் பழகிய நமக்கு இதன் சூட்சுமம் மற்றவர்களை விடச் சீக்கிரம் பிடிபடும். ஒரே எபிசோடில் தொடங்கி முடியும் கதைதான். இருந்தாலும் கைப்பேசியை நோண்டிக்கொண்டு பார்த்தால் அது வெறும் உளறலாகத் தோன்றும்.

2015 முதல் 2022 வரை 62 எபிசோடுகள் வந்த ‘த எக்ஸ்பான்ஸ்’ கவனத்தை வேறொரு விதத்தில் கேட்கிறது. முதல் எபிசோடிலேயே மூன்று இடங்களில் மூன்று கதைகள் தொடங்குகின்றன: சீரிஸ் குறுங்கோளில் ஒரு துப்பறிவாளன், பனிக்கட்டி ஏற்றிச் செல்லும் ஒரு சரக்குக் கலம், பூமியில் ஐக்கிய நாடுகள் சபையின் ஓர் அதிகாரி. அந்த அதிகாரி ஒரு கைதியை விசாரிக்கும் காட்சியில், அவனைக் கொக்கிகளில் தொங்கவிட்டிருப்பதைத் தவிர வேறு ஆயுதம் எதுவும் தென்படாது. குறைந்த ஈர்ப்பில் பிறந்து வளர்ந்த உடலுக்குப் பூமியின் ஈர்ப்பே சித்திரவதை என்பதைப் பார்ப்பவர் கவனித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறுகோள் பட்டை மக்கள் பேசும் கலப்புமொழியும், விண்ணுடைக்குள் இருப்பவருக்குக்கூடத் தெரியும்படி அவர்கள் கைகளால் காட்டும் பெரிய சைகைகளும் இதே வகை. விளக்கம் சொல்ல எந்தப் பாத்திரமும் நின்று பேசாது. நான்காவது எபிசோடில் நடக்கும் விண்கலப் போருக்குப் பிறகுதான் பலர் இந்தத் தொடரின் பிடிக்குள் வருகிறார்கள். அதுவரை தாக்குப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற தமிழ்ப் பார்வையாளருக்கு இங்கே ஒரு கூடுதல் உழைப்பு சேர்கிறது. கலப்புமொழியும் முணுமுணுப்பும் நிறைந்த தொடரைச் சப்டைட்டிலோடு பார்க்கும்போது கண்ணின் பாதி நேரம் திரையின் அடிப்பகுதியிலேயே கழிந்துவிடும். பின்னணியில் வைக்கப்பட்ட குறிப்புகள் தப்பிவிடும். தமிழ் ஒலி கிடைக்கிறது என்றால், வசனத்தால் நகரும் தொடருக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறொன்றுமில்லை. ‘டார்க்’ போன்ற ஜெர்மன் தொடரை ஆங்கில டப்பிங்கில் பார்ப்பதை விட, மூலக்குரலோடும் சப்டைட்டிலோடும் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். குரலின் நடுக்கம் அந்தக் கதையில் பாதி வேலையைச் செய்கிறது.

பொறுமையைக் கேட்பதில் ‘பாபிலோன் 5’-ஐ மிஞ்ச ஆளில்லை. 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன்கள், 110 எபிசோடுகள். தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே அவற்றில் 92-ஐ எழுதினார். ஐந்தாண்டுக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதிய இந்தத் தொடரின் முதல் சீசன், பார்வைக்கு ஒரு சாதாரண வாராந்தரத் தொடர்போலவே இருக்கும்: விண்நிலையத்துக்கு ஒரு விருந்தாளி வருவார், ஒரு சிக்கல் எழும், தீரும். அடியில் விதைகள் ஊன்றப்படுவதை முதல்முறை பார்ப்பவர் உணர்வதில்லை. முதல் சீசனின் இறுதியை ஒட்டி, காணாமல் போன பாபிலோன் 4 என்ற நிலையம் திடீரெனத் தோன்றி மறையும் எபிசோடு ஒன்று வருகிறது. அங்கே பார்த்த விசித்திரங்களுக்கான விடை மூன்றாம் சீசனின் ‘வார் வித்அவுட் எண்ட்’ என்ற இரட்டை எபிசோடில், 1996-இல், கிடைக்கிறது. நடுவில் நாயகனே மாறிவிடுகிறார். விடை வரும்போது எழும் வியப்பு, அத்தனை காலம் காத்திருந்தவருக்கு மட்டுமே உரியது. அதைச் சுருக்கம் படித்துப் பெற முடியாது. எளிமையாகத் தொடங்கி வழியில் கனத்துப் போகும் இத்தகைய தொடர்களை முதல் சில எபிசோடுகளை வைத்து எடைபோட்டால் கணக்கு தவறிவிடும்.

மிகுபுனைவுப் பக்கத்தில் இதற்கு ஈடான ஏமாற்று ‘த விட்சர்’ தொடரின் முதல் சீசனில் இருக்கிறது. எட்டு எபிசோடுகள், வெள்ளைமுடி வேட்டைக்காரன், எபிசோடுதோறும் ஏதேனும் ஒரு பூதமோ சாபமோ. 2008 முதல் 2012 வரை பிபிசியில் சீசனுக்கு 13 எபிசோடுகளாக வந்த ‘மெர்லின்’ போலவே வாரம் ஒரு சாகசம் என்று தோன்றும். உள்ளே மூன்று பாத்திரங்களின் கதைகள் மூன்று வெவ்வேறு காலங்களில் நடக்கின்றன, அதைத் தொடர் சொல்வதில்லை. முதல் எபிசோடில் இறந்துபோன அரசி கலாந்தே, நான்காம் எபிசோடில் விருந்தில் உட்கார்ந்து உத்தரவிட்டுக்கொண்டிருப்பார். அங்கேதான் பலருக்கு விஷயம் உறைக்கும். ‘மெர்லின்’ அப்படியெல்லாம் செய்யாது: மந்திரம் தடைசெய்யப்பட்ட நாட்டில் இளவரசனை மந்திரத்தால் ரகசியமாகக் காப்பாற்றும் வேலைக்காரப் பையன் என்ற ஒரே வரியைத் தெரிந்துகொண்டால், 65 எபிசோடுகளில் பெரும்பாலானவற்றை எங்கிருந்தும் பார்க்கலாம்.

தொடங்குமுன் சோதிப்பது

மேலே சொன்னவற்றைத் தெரியாத தொடரிடம் பொருத்திப் பார்க்க, முதலில் ஓடிடி தளத்தில் ஒவ்வொரு எபிசோடுக்கும் கீழே கொடுத்திருக்கும் ஓரிரு வரிக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். முதல் சீசனின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று போதும். கடைசி எபிசோடுகளின் பக்கம் போகக் கூடாது. குறிப்பு ஒரு சிக்கலைச் சொன்னால், அதாவது இன்னார் இந்த இடத்துக்குப் போகிறார், அங்கே இது நடக்கிறது என்றால், நினைவுச் சுமை குறைவு. நான்கு பெயர்களைச் சொல்லி, ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு முடிவெடுக்கிறார்கள் என்று சொன்னால், அது வரிசை மாறாமல் பார்க்க வேண்டிய தொடர்.

அடுத்தது பார்த்தே அறிய வேண்டியது. முதல் எபிசோடை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அது பெரும்பாலும் தொடரை விற்பதற்காகச் செய்யப்பட்டது, வழக்கத்துக்கு மீறிய செலவும் பரபரப்பும் அதில் இருக்கும். இரண்டாம் எபிசோடு முடிந்ததும் ஒரு தாளில், யார் எதை அடைய விரும்புகிறார் என்று எழுதிப் பார்க்கலாம். பெயர் மறந்தால் பாதகமில்லை, ‘தழும்புக்காரர்’, ‘அந்த அதிகாரி அம்மா’ என்று எழுதினாலும் சரி. மூன்று வரிகளுக்குள் முடிந்துவிட்டால் அது அலுத்த இரவுகளுக்கு ஏற்ற தொடர். பத்து வரிகளைத் தாண்டியும் இன்னும் யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்று தோன்றினால், வாரக் கடைசிக்கு ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். வரிகளே வரவில்லை, ஆனாலும் அடுத்ததைப் பார்க்க ஆவலாக இருக்கிறது என்றால், அது பொறுமை கேட்கும் தொடர். இன்னும் இரண்டு எபிசோடு கொடுத்துப் பார்க்கலாம்.

கவனச் சுமையை அறிய, வேண்டுமென்றே ஒரு காட்சியில் இரண்டு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதால் மட்டும் கேட்டுவிட்டு, பிறகு திரையைப் பார்க்கலாம். கதை பிடிபட்டால் அது சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே பார்க்கத் தகுந்தது. மனத்திடம் பற்றிய சோதனை எதுவும் தேவையில்லை. தளத்தில் வயது வரம்புக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் எச்சரிக்கைச் சொற்களைப் படித்தாலே போதும், ஆனால் அவற்றைப் படிப்பவர்கள்தான் குறைவு.

இரண்டு தொடர்களுக்கும் இந்தக் குறிப்புகளை எடுத்தபின், அவற்றைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்க முயல வேண்டாம். தமக்கு எந்த உழைப்பு ஒத்துவராது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் மட்டுமே நேரம் கிடைப்பவருக்கு நினைவுச் சுமை ஆகாது. ‘பிளாக் மிரர்’ அவருக்குப் பொருந்தும், ‘டார்க்’ பொருந்தாது. தினமும் பார்க்க முடியும், ஆனால் களைப்போடுதான் என்பவருக்குக் கவனச் சுமை ஆகாது. விடுமுறையில் இருப்பவர் பொறுமை கேட்கும் தொடரைத் தொடங்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

கனமான தொடரை இலகுவாக்கிக்கொள்வது

உழைப்புக் கேட்கும் தொடர்தான் வேண்டும் என்று முடிவானால், அந்த உழைப்பில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ள வழிகள் உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் தொடக்கப் பாடலைத் தாண்டிவிடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அதில் வரும் வரைபடம் அந்தந்த எபிசோடில் கதை நடக்கும் இடங்களுக்கு ஏற்ப மாறுகிறது, எது எங்கே இருக்கிறது என்பதை அதைவிட எளிதாக யாரும் சொல்லித் தர முடியாது. ‘டார்க்’ பார்ப்பவர் நான்கு குடும்பங்களையும் ஒரு தாளில் வரைந்துகொண்டு, புதிய உறவு தெரியவரும்போதெல்லாம் கோடு போடலாம். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்சாவளிப் படங்களை மட்டும் திறக்கக் கூடாது. அந்தத் தொடரின் பெரிய திருப்பங்கள் அத்தனையும் அந்தக் கோடுகளில்தான் இருக்கின்றன. புதிய சீசன் வருமுன் முன்கதைச் சுருக்கக் காணொளியை நம்புவதை விட, பழைய சீசனின் கடைசி இரண்டு எபிசோடுகளை மறுபடி பார்ப்பது மேல்.

இரண்டு கனமான தொடர்களை ஒரே காலத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் திடமான கருத்து. ‘த எக்ஸ்பான்ஸ்’ நடந்துகொண்டிருக்கும்போது இடையிடையே ‘மெர்லின்’ ஒன்றைப் பார்ப்பதால் எதுவும் கலங்காது. அதற்குப் பதிலாக ‘ஆண்டோர்’ ஒன்றைச் செருகினால் இரண்டு அரசியல்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்றையும் தொடங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்: கதை முடிக்கப்பட்டதா, பாதியில் நிறுத்தப்பட்டதா? எளிய தொடர் நடுவில் நின்றுபோனால் இழப்பு சிறியது. 2002-இல் 14 எபிசோடுகளே எடுக்கப்பட்டு, அவையும் வரிசை மாறி ஒளிபரப்பான ‘ஃபயர்ஃப்ளை’ தொடரை இன்றும் தனித்தனிச் சாகசங்களாக ரசிக்க முடிகிறது. உழைப்புக் கேட்கும் தொடர் நின்றுபோனால் கொடுத்த உழைப்புக்கு ஈடு கிடைப்பதில்லை. ‘வெஸ்ட்வேர்ல்ட்’ நான்கு சீசன்களுக்குப் பிறகு 2022-இல் நிறுத்தப்பட்டது. படைப்பாளிகளின் மனத்தில் இருந்த ஐந்தாவது சீசன் வரவில்லை. ‘டார்க்’ பார்த்து மயங்கியவர்கள் அடுத்ததாகத் தேடிப் போவது அதே இணையர் உருவாக்கிய ‘1899’ தொடரைத்தான். எட்டு எபிசோடுகள், பல மொழி பேசும் பயணிகள், கப்பலுக்குள் புதிருக்குள் புதிர். கடைசிக் காட்சியில் கதை புதிதாக ஒரு கதவைத் திறக்கிறது, 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் அதை ரத்து செய்தது. அது தெரிந்தும் பார்க்க விரும்புகிறவர் தாராளமாகப் பார்க்கலாம், ஆனால் தாளும் பேனாவும் எடுத்து வைக்கத் தேவையில்லை.